முற்றத்தில் முருங்கை நடச் சொல்கிறார்கள், முற்றம் எங்கே?

செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் நாடெங்கும் அங்கன்வாடி மையங்களின் வாசலில் ஒரே காட்சி அரங்கேறுகிறது. அதிகாரி ஒருவர் வருகிறார். ஏற்கெனவே தோண்டி வைத்த குழியில் முருங்கைக் கன்று ஒன்று நடப்படுகிறது. தாய்மார்கள் வரிசையாக நிற்க, புகைப்படம் எடுக்கப்படுகிறது. அந்தப் படத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றும் பொறுப்பு அங்கன்வாடி ஊழியரின் தலையில் விழுகிறது. 2018 மார்ச் 8 அன்று ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் பிரதமர் தொடங்கி வைத்த போஷன் அபியானின் ஓர் அங்கமாக, ஆண்டுதோறும் தேசிய ஊட்டச்சத்து மாதம் இவ்வாறு கொண்டாடப்படுகிறது. ‘போஷன் வாடிகா’ எனப்படும் ஊட்டச்சத்துத் தோட்டம் இந்தக் கொண்டாட்டத்தின் மையப் பொருளாகிவிட்டது. வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடுங்கள், பள்ளிக்குப் பள்ளி தோட்டம் போடுங்கள், ஊட்டச்சத்துக் குறைபாடு ஓடிவிடும் என்பது ஒன்றிய அரசு மக்களுக்குச் சொல்லும் செய்தி.

வீட்டுத் தோட்டம் நல்லது என்பதில் எவருக்கும் மாறுபட்ட கருத்து இருக்க முடியாது. கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, வேலியில் படரும் அவரை, பாத்திரம் கழுவும் தண்ணீர் பாயுமிடத்தில் நாலு வாழை, இரண்டு பாத்தி கீரை என்பது உழைக்கும் குடும்பத்தின் தட்டில் இரும்புச்சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் வைட்டமின்களையும் கொண்டுவந்து சேர்க்கும். பூச்சிமருந்து தெளிக்காத கீரை கிடைக்கும். கையில் காசில்லாத நாளிலும் குழம்பில் ஒரு காய் இருக்கும். கிராமப்புற ஏழைப் பெண்கள் இதை எந்த அமைச்சகமும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை. இடமும் தண்ணீரும் இருந்த இடத்திலெல்லாம் தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்துவரும் வேலை இது.

அப்படியிருக்க, கோடிக்கணக்கான குடும்பங்கள் ஏன் தோட்டம் போடவில்லை? அறியாமையாலா, சோம்பலாலா? அரசின் பிரச்சாரம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

பசியின் கணக்கு

முதலில் நாட்டின் நிலையைப் பார்க்க வேண்டும். 2019-21 இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். 32.1 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். 19.3 சதவீதம் பேர் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்து போனவர்கள். 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 58.6 சதவீதமாக இருந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் இரத்தசோகை 53.1 சதவீதத்திலிருந்து 57 சதவீதமாக உயர்ந்துள்ளது. ஆண்டுக்கு மூன்று சதவீதப் புள்ளிகள் வீதம் இரத்தசோகையைக் குறைப்போம் என்று 2018 இல் இலக்கு அறிவித்த அரசின் ஆட்சிக்காலத்தில்தான் இந்த உயர்வு பதிவாகியிருக்கிறது.

இன்னொரு எண் இவற்றைவிடக் கொடியது. 6 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதுமான உணவு பெறுவோர் 11.3 சதவீதம் மட்டுமே. பத்தில் ஒன்பது குழந்தைகள் வாழ்க்கையின் தொடக்கத்திலேயே தோற்கடிக்கப்படுகிறார்கள்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒருவரின் அன்றாட உணவை இப்படி வகுக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, இவற்றுடன் கொட்டை, வித்து வகைகளும் எண்ணெயும். இதில் காய்கறியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 2 கிலோ தேவை. கிலோ 30 ரூபாய் என்று மலிவாகவே கணக்கிட்டாலும் அன்றாடம் 60 ரூபாய் வேண்டும். ஒன்றிய அரசு 2019 இல் அறிவித்த தேசிய அடிப்படைக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 178 ரூபாய். அதாவது, கூலியில் மூன்றில் ஒரு பங்கு காய்கறிக்கே போய்விடும்.

நடப்பில் மக்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள்? 2022-23 குடும்ப நுகர்வுச் செலவின ஆய்வின்படி கிராமப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய். அதில் காய்கறியின் பங்கு 5.38 சதவீதம். மாதத்துக்கு ஏறத்தாழ 203 ரூபாய், நாளொன்றுக்கு 7 ரூபாய்க்கும் குறைவு. வசதி படைத்தவரையும் இல்லாதவரையும் சேர்த்துப் போட்ட சராசரி இது. கூலித் தொழிலாளி குடும்பத்தின் தட்டில் விழும் பங்கு இதனினும் சிறியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு நிலம், எவ்வளவு தண்ணீர்?

வாங்க முடியாவிட்டால் விளைவித்துக்கொள்ளலாம் என்பது அரசின் பதில். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2 கிலோ என்றால் ஆண்டுக்கு 730 கிலோ. நாட்டில் காய்கறி விளைச்சல் சராசரியாக ஹெக்டேருக்கு 18 டன் அளவில் உள்ளது. இந்த விளைச்சலில் 730 கிலோ எடுக்க ஏறத்தாழ 10 சென்ட் நிலம் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தால் 5 சென்ட் போதும். கைதேர்ந்தவர் இதைவிடக் குறைந்த இடத்திலும் விளைவிக்கக்கூடும். ஆனால் இந்த 5 சென்ட் என்பது வீடு, கழிப்பறை, ஆடு மாடு கட்டுமிடம் எல்லாம் போகப் பாத்திகளுக்காக மட்டும் இருக்க வேண்டிய நிலம்.

அடுத்து தண்ணீர். கோடைக் காலத்தில் காய்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீர் தேவை என்று கொண்டால், 200 சதுர மீட்டர் கொண்ட அந்த 5 சென்டுக்கு 800 லிட்டர் வேண்டும். 2019 இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வாக்களிப்பதோ தலைக்கு 55 லிட்டர். ஐந்து பேருக்கு 275 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் உள்ள தண்ணீர் அது. பைப்பில் தண்ணீர் ஒழுங்காக வந்தாலும், குடும்பமே குளிக்காமல் இருந்தாலும், தோட்டத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அதைக் கொண்டு நனைக்க முடியாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கும் ஊர்க்கிணற்றுக்கும் அலையும் பெண்ணிடம் தோட்டம் போடச் சொல்வது, மேலும் நாற்பது ஐம்பது குடம் சுமக்கச் சொல்வதற்குச் சமம்.

நிலம் யாரிடம் இருக்கிறது? 2011 ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின்படி கிராமப்புறக் குடும்பங்களில் 56 சதவீதம், அதாவது 10 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள், விவசாய நிலம் ஏதுமற்றவை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி, மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக உள்ள பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் நிலப்பரப்பு மொத்தத்தில் 9 சதவீதத்தையும் எட்டவில்லை. ஊருக்கு வெளியே, நீர் தேங்கும் பள்ளத்திலோ பாறைத் தரையிலோ, சுவரோடு சுவர் ஒட்டிய குடிசைகளாகவே பெரும்பாலான தலித் குடியிருப்புகள் அமைந்திருக்கின்றன. பல மாநிலங்களில் விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனைகூட நிலவுடைமையாளருடையதாகவோ புறம்போக்காகவோ இருக்கிறது. நாளை காலி செய்யச் சொல்வார்களோ என்ற அச்சத்தில் வாழ்பவர், காய்க்க ஆண்டுக்கணக்காகும் மாமரத்தையும் தென்னையையும் எந்த நம்பிக்கையில் நடுவார்?

நகர்ப்புறத்தின் கதை இன்னும் சுருக்கமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடிசைப் பகுதிகளில் 6.5 கோடிப் பேரைக் கண்டறிந்தது. மும்பை தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறேழு பேர் வாழும் குடும்பங்கள் ஏராளம். அங்கே வானம் தெரிவதே அரிது. மாடித் தோட்டம் என்பது மாடி உள்ளவர்களுக்கு.

யாருடைய நேரம்?

நிலமும் நீரும் கிடைத்துவிட்டாலும் பாத்தி தானாக விளையாது. கொத்த வேண்டும், எரு போட வேண்டும், களை எடுக்க வேண்டும், ஆட்டிடமிருந்தும் கோழியிடமிருந்தும் காக்க வேண்டும். இந்த வேலையை யார் செய்வார்கள் என்பது அரசின் சுவரொட்டியிலேயே தெரிகிறது. அதில் குனிந்து நிற்பவர் எப்போதும் பெண்ணே.

2024 ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுவதாகக் கூறுகிறது. ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். நாற்று நடவும் களை எடுக்கவும் கட்டிட வேலைக்கும் போய்த் திரும்பி, அடுப்பெரித்து, குழந்தையைக் கவனித்து, ஏற்கெனவே ஐந்து மணி நேரம் கூலியின்றி உழைக்கும் ஒருவரின் தோளில் இன்னொரு மணி நேரத்தை ஏற்றுவதற்குப் பெயர் பெண்கள் மேம்பாடு என்றால், அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. இரத்தசோகையால் மூச்சு வாங்கும் தாய்க்கு மண்வெட்டியைக் கொடுத்து, உன் இரத்தசோகையை நீயே போக்கிக்கொள் என்று சொல்லும் திட்டமாக அது முடிந்துவிடும்.

அங்கன்வாடி ஊழியரின் நிலையும் இதுவே. குழந்தைகளின் எடை எடுப்பது, முன்பருவக் கல்வி, உணவு வழங்கல், தடுப்பூசிக்கு அழைத்து வருவது, கணக்கெடுப்பு, செயலியில் பதிவு என்று ஓயாத வேலைகளுடன் இப்போது தோட்டப் பராமரிப்பும் சேர்ந்துள்ளது. இதற்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபர் முதல் மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013 இல் 45 ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊட்டச்சத்து மாதத்து விழா மேடைகளில் இவை இரண்டையும் பற்றி எவரும் பேசுவதில்லை.

கீரையால் முடிவதும் முடியாததும்

ஊட்டச்சத்து அறிவியலும் அரசின் எளிய சமன்பாட்டை ஏற்கவில்லை. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. எலுமிச்சை, நெல்லி போன்றவற்றின் வைட்டமின் சி உடனிருந்தால் உறிஞ்சுதல் கூடுகிறது. பப்பாளியிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள கரோட்டின் வைட்டமின் ஏ ஆக மாற, உணவில் ஓரளவு கொழுப்பு வேண்டும். தாளிக்க எண்ணெய் இல்லாத வீட்டில் கீரையின் பயனில் ஒரு பகுதி வீணாகிறது. குழந்தையின் உயரம் வளரப் புரதம் வேண்டும்: பருப்பு, முட்டை, பால், மீன், இறைச்சி. கொக்கிப்புழுவும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் உண்டதையும் உடலில் தங்கவிடுவதில்லை. ஆகவே கழிப்பறையும் தூய குடிநீரும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஊட்டச்சத்தின் பகுதிகளே.

இவற்றையெல்லாம் வழங்க வேண்டிய பொது அமைப்புகளை அரசு எப்படி நடத்துகிறது? 2013 ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது. நாளொன்றுக்கு 167 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் 250 கிராமுக்கே இது போதாது. பருப்பும் எண்ணெயும் அந்தச் சட்டத்தில் இல்லை. தமிழ்நாடு போன்ற சில மாநிலங்கள் தம் சொந்த நிதியில் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் தருகின்றன. 2011 மக்கள்தொகையை வைத்தே இன்றுவரை பயனாளிகளின் எண்ணிக்கை நிர்ணயிக்கப்படுவதால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் விடுபட்டுள்ளனர் என்று பொருளாதார அறிஞர்கள் ழான் த்ரேஸும் ரீதிகா கேராவும் 2020 லேயே மதிப்பிட்டனர்.

அங்கன்வாடியில் ஒரு குழந்தையின் அன்றாட ஊட்டச்சத்து உணவுக்கு 2017 இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை 8 ரூபாய். ஒரு முட்டை வாங்கினாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பள்ளி மதிய உணவில் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கான பொருட்செலவு 2025 மே மாத உயர்வுக்குப் பிறகும் 6 ரூபாய் 78 காசு. குழந்தைகளின் தட்டில் முட்டை வைப்பதையே கலாச்சாரத்தின் பெயரால் மறுத்த மாநில அரசுகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2015 இல் அங்கன்வாடிகளுக்கு முட்டை வழங்கும் யோசனை இப்படித்தான் நிராகரிக்கப்பட்டது. பழங்குடிக் குழந்தைகள் மிகுந்த ஒரு மாநிலத்தில் முட்டையை மறுத்துவிட்டு முருங்கைக் கன்றை நீட்டுவது எந்த வகை அறிவியல்?

விளைச்சலுக்குக் குறைவில்லை

இன்னோர் உண்மையும் மறைக்கப்படுகிறது. நாட்டில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் காய்கறி விளைவித்து, உலகில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா இருக்கிறது. இதை 140 கோடி மக்களுக்குச் சமமாகப் பகிர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 390 கிராம் வரும். அறுவடைக்குப் பின் வீணாவது, பயிரைப் பொறுத்து, 5 முதல் 12 சதவீதம் என்று 2022 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதைக் கழித்தாலும், உருளைக்கிழங்கும் வெங்காயமும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதை நினைவில் கொண்டாலும், தேவைக்கு மிக நெருங்கிய விளைச்சல் இது. விளைந்தது ஏழையின் வீட்டுக்கு வந்து சேராததே பிரச்சினை.

ஏன் வந்து சேரவில்லை? 2023 ஜூலையில் தக்காளி பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2024 அக்டோபரில் காய்கறி விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 42 சதவீதம் உயர்ந்திருந்தது. இடையிடையே அதே தக்காளியை விலையின்றிச் சாலையோரம் கொட்டிவிட்டுக் கண்ணீருடன் திரும்பும் விவசாயிகளையும் நாடு பார்க்கிறது. நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் தக்காளி விவசாயிக்குக் கிடைப்பது சுமார் 33 காசு, வெங்காய விவசாயிக்கு 36 காசு, உருளை விவசாயிக்கு 37 காசு என்று ரிசர்வ் வங்கியின் 2024 ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையே கூறுகிறது. மீதி இடைத்தரகிலும் கிடங்கிலும் பெரு வணிகத்திலும் கரைகிறது. இந்தச் சந்தையைச் சீர்செய்வது அரசின் கடமை. அதைச் செய்யாமல், சந்தையை விட்டு விலகி உன் கொல்லையில் நீயே விளைவித்துக்கொள் என்று கூறுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

ஆள்வோரின் இந்தப் பழக்கம் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு அதிக உணவு விளைவிக்கும்படி இந்திய மக்களுக்கு அறைகூவல் விடுத்தது. மறுபக்கம், 1943 இல் வங்கத்தில் பதுக்கலும் விலையேற்றமும் ஏறத்தாழ 30 இலட்சம் உயிர்களைக் குடித்தன. மடிந்தவர்களில் மிகுதியானோர் விவசாயத் தொழிலாளர்கள், மீனவர்கள், கைவினைஞர்கள். உணவு இருந்தும் அதை வாங்கும் உரிமையற்றுப் போனதே பஞ்சத்தின் வேர் என்பதை அமர்த்தியா சென் பின்னாளில் விரிவாக நிறுவினார். சாகுபடி செய்யுங்கள் என்ற அறிவுரைக்கும், செத்து விழுந்த மக்களுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் கஞ்சித் தொட்டிகளைத் திறந்து நின்றவர்களில் 1942 இல் உருவான மகளிர் தற்காப்புச் சங்கத்தின் பெண்களும் அடங்குவர்.

கேரளத்தின் 10 சென்ட்

வீட்டுத் தோட்டம் மக்கள் இயக்கமாக வேண்டுமானால் அதற்கு என்ன தேவை என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. அங்கே தோட்டத்துக்கு முன் நிலம் வந்தது. 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டத் திருத்தம், நிலவுடைமையாளரின் மண்ணில் குடிசை போட்டு வாழ்ந்த ‘குடிகிடப்புக்காரர்’களுக்கு, கிராமப் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகராட்சியில் 3 சென்ட் வரை உரிமையாக்கிக்கொள்ளும் வாய்ப்பைத் தந்தது. அரசு தந்துவிடும் என்று காத்திருக்காமல், விவசாயத் தொழிலாளர்கள் குடிசையைச் சுற்றி வேலி கட்டி அந்த உரிமையை நடைமுறைப்படுத்தினர். இலட்சக்கணக்கான குடும்பங்கள் மனைக்குச் சொந்தக்காரர்களாயின. மேலே போட்ட கணக்கில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் காய்கறிக்கு வேண்டியதாக வந்த அதே 10 சென்ட்!

விரட்டப்படுவோம் என்ற அச்சம் நீங்கிய பிறகே அந்த மண்ணில் தென்னையும் பலாவும் நிலைத்தன. அவற்றின் நிழலில் வாழையும் மரவள்ளியும் சேனையும் சேம்பும் கோழியும் ஆடும் வந்தன. 1998 இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, பெண்களைக் குழுக்களாகத் திரட்டித் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிட வழி செய்தது. தனித்தனி வீட்டின் இலவச உழைப்பாக இருந்த ஒன்று, வருமானம் தரும் கூட்டு உழைப்பாயிற்று. ‘ஓணத்திற்கு ஒரு முறம் காய்கறி’ இயக்கத்தில் வேளாண் துறை விதையும் நாற்றும் வீடு தேடிக் கொடுத்தது. 2020 நவம்பர் 1 முதல் 16 வகை விளைபொருட்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து அடிப்படை விலையை அறிவித்து, நாட்டில் முதல் மாநிலமாக இடது ஜனநாயக முன்னணி அரசு காய்கறி விவசாயிக்குக் கைகொடுத்தது.

கேரளத்தில் குழந்தைகளிடம் இரத்தசோகை 39.4 சதவீதம்; நாட்டின் சராசரி 67.1. உயரக் குறைவு 23.4 சதவீதம், நாட்டின் சராசரி 35.5. இந்த வேறுபாட்டைத் தோட்டம் மட்டுமே உண்டாக்கியதாகச் சொன்னால் அது மிகை. ரேஷன் கடை, அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பெண் கல்வி, கூலிக்கான போராட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்த விளைவு அது. அங்கும் குறைகள் உண்டு. உயரக் குறைவு முந்தைய ஆய்வில் 19.7 சதவீதமாக இருந்து கூடியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் காய்கறி லாரிகள் எல்லை கடப்பது இன்னும் நிற்கவில்லை. குழுக்களின் குத்தகை நிலத்துக்கு நீடித்த பாதுகாப்பு கிடைக்கவில்லை. எனினும் நிலம், நீர், விதை, கூட்டு உழைப்பு, விலை என்னும் வரிசையில் சிந்தித்த ஓர் அரசுக்கும், செல்ஃபியில் தொடங்கிச் செல்ஃபியில் முடிக்கும் அரசுக்கும் உள்ள வேறுபாடு கண்கூடு.

கியூபாவும் இதையே கற்பிக்கிறது. சோவியத் ஒன்றியம் சிதைந்து, அமெரிக்கத் தடை இறுகி, எரிபொருளும் உரமும் வராமற்போன 1990 களில், ஹவானா நகரின் காலி மனைகள் காய்கறித் தோட்டங்களாயின. நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை அரசு இலவசமாகத் தந்தது. விதையும் எருவும் பயிற்சியும் பொது நிறுவனங்களிலிருந்து வந்தன. கொடிய நெருக்கடியிலும் 1962 முதல் இருந்துவரும் ரேஷன் புத்தகத்தை அந்நாடு கைவிடவில்லை. தோட்டம் ரேஷனுக்குத் துணையாக நின்றது. இந்தியாவின் ஆட்சியாளர்களோ ரேஷனையும் அங்கன்வாடியையும் பட்டினி போட்டுவிட்டு, அந்த இடத்தைத் தோட்டத்தால் நிரப்பப் பார்க்கிறார்கள்.

தேவை ஐந்து

வீட்டுத் தோட்டத்தை அரசின் விளம்பரப் பொருளாக விட்டுவிடுவதும் தவறு, அதை ஏளனம் செய்து ஒதுக்குவதும் தவறு. உழைக்கும் மக்களின் உரிமைப் பட்டியலில் அதற்கு உரிய இடம் உண்டு.

முதலாவது, குடிமனை. நிலமற்ற ஒவ்வொரு கிராமப்புறக் குடும்பத்துக்கும் பெண்ணின் பெயரில் 10 சென்ட் மனைப்பட்டா வழங்கப்பட வேண்டும். தமிழ்நாட்டின் 1971 ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், மேற்கு வங்கத்தின் 1975 ஆம் ஆண்டுக் குடிமனை நிலச் சட்டம், பீகாரின் 1947 ஆம் ஆண்டுக் குடிமனைக் குத்தகைச் சட்டம் எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. பழங்குடி மக்களுக்கு 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. காட்டுக் கீரையும் கிழங்கும் அவர்களின் பரம்பரைத் தோட்டம். புதிய முழக்கங்களைத் தேடுவதற்கு முன் இருக்கும் சட்டங்கள் செயலுக்கு வரட்டும்.

இரண்டாவது, நீர். குடிநீர்த் திட்டத்துடன் கூடவே குடியிருப்புகளுக்குப் பொதுக் கிணறும் மழைநீர்த் தொட்டியும் கழிவுநீர்ப் பாத்திகளும் அரசுச் செலவில், கிராமப்புற வேலைத் திட்டத்தின் வழியே, கூலி கொடுத்து அமைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, கூட்டுத் தோட்டம். தனி மனையில் இடமில்லாத தலித் குடியிருப்புகளிலும் நகரக் குடிசைப் பகுதிகளிலும் அரசுத் தரிசையும் காலி மனைகளையும் பெண்கள் குழுக்களுக்கு நீண்டகால உரிமையுடன் ஒப்படைக்க வேண்டும். விளைந்ததை அங்கன்வாடியும் பள்ளிச் சமையற்கூடமும் நியாய விலைக்கு வாங்கினால், குழந்தைக்குக் காயும் தாய்க்குக் கூலியும் ஒரே பாத்தியில் விளையும். ஆண்டுதோறும் விதைக்காகக் கம்பெனி வாசலில் நிற்காதபடி, நாட்டு விதைகளைக் காத்துப் பெருக்கும் பணியை வேளாண் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும்.

நான்காவது, பொது உணவு அமைப்பு. ரேஷனில் தானியத்தை உயர்த்துவதுடன் பருப்பும் எண்ணெயும் சட்டப்பூர்வமாகச் சேர்க்கப்பட வேண்டும். அங்கன்வாடிக் குழந்தைக்கான 8 ரூபாயை விலைவாசிக்கேற்ப உயர்த்தி, நாடெங்கும் முட்டை வழங்க வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களையும் உதவியாளர்களையும் அரசு ஊழியர்களாக்க வேண்டும்.

ஐந்தாவது, கூலியும் விலையும். 178 ரூபாய் என்ற அவமானத்துக்கு முடிவு கட்டி வாழ்வுக்கேற்ற கூலியும், காய்கறி விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையும் உறுதி செய்யப்பட வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று நிற்காது.

அடுத்த செப்டம்பரிலும் கன்றுகள் வரும், அதிகாரிகள் வருவார்கள், புகைப்படக் கருவிகள் வரும். அப்போது வரிசையில் நிற்கும் விவசாயத் தொழிலாளிப் பெண் ஒரு கையால் கன்றை வாங்கிக்கொள்ளட்டும். மறு கையால் மனைப்பட்டா மனுவை நீட்டட்டும். அந்த மனுவுக்குப் பதில் கிடைக்கும் நாளில்தான் முருங்கைக்கு வேர்விட மண் கிடைக்கும்.